மேலே கிடப்பதுதான் புதுசு

மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, ஐஸ் கம்பெனிக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது 'காளி கம்ப்யூட்டர்ஸ்'. அங்கே யாராவது புது லேப்டாப்போடு வந்தால், காளிதாஸ் முதலில் அதைத் தொடமாட்டார். கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பார். விசாரிக்காமல் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்து நிற்கிற தகப்பனைப் பார்க்கிற பார்வை அது.

"என்ன விண்டோஸ் இது?"

"லெவன்ணே. புதுசு."

"புதுசுதான். நீ தூங்கையில வீட்டுக்குள்ள பூந்து, அடுப்பத் தூக்கி வாசல்லயும் ஆட்டுக்கல்லத் தூக்கிக் கட்டில்லயும் வச்சுட்டு, காலைல அப்டேட் முடிஞ்சுதுன்னு சொல்லும். உனக்குச் சம்மதமா?"

"அப்ப லினக்ஸ் போட்டுருங்கண்ணே."

"லினக்ஸ் நல்ல புள்ள. ஆனா ஊர்க்கூட்டம் மாதிரி. ஒண்ணு கேட்டா நாலு பேரு நாலு வழி சொல்லுவான். நாலும் சரியாத்தான் இருக்கும். பிரிண்டர் மட்டும் ஓடாது."

"ஆப்பிளு?"

"தங்கத் தட்டு. தட்ட நக்குனா பசி அடங்குமா?"

இதற்குள் வந்தவருடைய டீ ஆறிப்போயிருக்கும். கடைசியில் காளிதாஸ் மூலையில் இருக்கிற பழைய சிபியூ பக்கம் கையைக் காட்டுவார். வெள்ளையாக வந்து, கடல் காற்றில் பழுத்த வெற்றிலை நிறத்துக்கு மாறிப்போன பெட்டி. "பெரியவரப் பாரு. எக்ஸ்பி. உழவு மாடு. சாலு மாறாது."

காளிதாஸுக்கு உழவு மாட்டைப் பற்றித் தெரியும். திருவாடானைக்குக் கிழக்கே அவருடைய அய்யாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். ஒன்பதாவது பெயிலானதும் நிலத்தில் இறங்கச் சொன்னார்கள். இவர் மதுரைக்குப் பஸ் ஏறி, ஒரு கம்ப்யூட்டர் கடையில் பெட்டி சுமந்தார். சுமந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மூடவே இல்லை. அங்கே பழகியதை வைத்து இந்தக் கடற்கரையில் வந்து கடை போட்டவர், ஐம்பதைத் தாண்டிய பிறகும் இன்னும் ஏதாவது ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

பெரியவருக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. போட்டுக்காரர்கள் கையில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவிகளின் பழைய கேபிள் அந்தப் பெட்டியில்தான் சேரும். எங்கே மீன் அடைகிற பாறைப் பார் இருக்கிறது, எங்கே வலையைக் கிழிக்கிற கல் கிடக்கிறது, எல்லைக் கோடு எது வழியாகப் போகிறது, எல்லாம் அதற்குள் இருந்தது. கருவி கெட்டுப்போய்ப் புதுசு வாங்கினால் நேராகக் காளிதாஸிடம் வருவார்கள். அவர் ஏற்றிக் கொடுப்பார். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்தக் கோடுதான் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் போனால் அடுத்த நாட்டு ரோந்துக் கப்பல் வரும். போட்டும் போகும், ஆளும் போவான்.

காளிதாஸுக்கு இரண்டு கொள்கைகள் இருந்தன. ஒன்று, திரை பெருக்கின வாசல் மாதிரி சுத்தமாக இருக்கவேண்டும். அதனால் கீழே கடிகாரம் தெரிகிற பட்டையை எப்போதோ மறைத்து வைத்துவிட்டார். இரண்டு, பைலுக்குப் பேரை மாற்றி மாற்றி வைக்கக்கூடாது. எல்லைக் கோட்டில் ஒரு புள்ளி திருத்தினாலும் புதிதாக ஒரு பைல் போடுவார். எல்லாவற்றுக்கும் 'எல்லை' என்றுதான் பேர், பின்னால் ஒரு எண். எண்ணை அவர் பார்ப்பதில்லை. தேதிப்படி வரிசை கட்டி வைத்திருந்தார். மேலே கிடப்பதுதான் புதுசு.

"பேர மனுசன் மாத்துவான். தேதிய மாத்த மாட்டாரு பெரியவரு" என்று சொல்லிக்கொண்டு மேலே இருப்பதை எடுப்பார். ஒருநாளும் அது தப்பினதில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் காற்று பலமாக இருந்ததால் போட்டுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை. அந்த ஓய்வில் காளிதாஸ் எல்லைப் புள்ளிகளை எல்லாம் ஒரு தடவை புதிதாக டைப் செய்து ஒரு பைல் போட்டார். பூஜையன்று அவரால் கடைக்கு வரமுடியவில்லை. நிறைமாதமாக இருந்த மகள் சத்யப்பிரியாவை ராமநாதபுரத்துக்குச் செக்கப்புக்குக் கூட்டிப் போயிருந்தார். மனைவி ராக்குதான் கடையைக் கழுவிப் பூஜை போட்டாள்.

மற்ற வருஷங்களில் பெரியவரை ஓய்வெடுக்க வைப்பது என்றால், காளிதாஸ் பட்டனை மட்டும் அழுத்தி அணைப்பார். பிளக் சுவரிலேயே இருக்கும். ராக்கு அப்படிச் செய்யவில்லை. ஈரத்துணியால் பின்பக்கமெல்லாம் துடைக்கவேண்டும் என்று பிளக்கைப் பிடுங்கினாள். சந்தனம், குங்குமம் வைத்து, கதம்ப மாலை போட்டு, சுண்டல் படைத்தாள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது. பிளக் அப்படியே தரையில் கிடந்தது.

விஜயதசமி காலையில் காளிதாஸ் வந்து பிளக்கைச் சொருகினார். பெரியவர் ஒரு தடவை கூவினார். கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. எஃப் ஒன் அழுத்தச் சொன்னது. எதிரே போகிறவனுக்குத் தலையாட்டுகிற மாதிரி அழுத்திவிட்டு, காளிதாஸ் சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானமே, புதிதாகப் போட்ட எல்லைக் கோட்டை வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது ஒரு இடத்தில் நாய்க் கால் மாதிரி கிழக்கே வளைந்து போயிருந்தது. ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருந்தார். "நல்ல வேள, இன்னும் ஒருத்தனுக்கும் ஏத்தல" என்று திருத்தி, புதிதாக ஒரு பைல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த சில நாளில் பேத்தி பிறந்தாள். காளிதாஸ் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் பறந்துகொண்டிருந்தார். பிள்ளையைக் கையில் கொடுத்தபோது, மதர்போர்டைக்கூட அவர் அவ்வளவு பயந்து வாங்கினதில்லை. லட்டுப் பெட்டியில் ஒட்ட 'எங்கள் வீட்டுக்கு மகாராணி வந்தாச்சு' என்று பெரியவரிலேயே ஒரு ஸ்டிக்கர் டிசைன் செய்தார். பேத்தியின் மூக்கு தன் மூக்கு என்று ஐஸ் கம்பெனிக்காரன் வரைக்கும் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை விடியும்போது கடல் தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி கிடந்தது. டோக்கன் கொடுத்துவிட்டார்கள். முஹைதீன் பாயின் மகன் சஃபீர் புதுக் கருவியோடு கடை வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னொரு போட்டுக்காரர், பால்சாமி. அவருடைய கருவியில் இருந்ததெல்லாம் அழிந்துபோயிருந்தது.

"அண்ணே, சட்டுனு ஏத்திக் குடுங்க. பேத்தியப் பாக்க ஓடுறீகளாமே."

"அவ கெட்ட கேட்டுக்கு இப்பவே மொறைக்கிறாடா" என்று சிரித்துக்கொண்டே காளிதாஸ் கேபிளைச் சொருகினார். மேலே கிடந்த பைலை எடுத்தார். இரண்டு கருவியிலும் ஏற்றினார். பால்சாமி பேசுகிற ஆள் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் சத்யப்பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள். மருமகன் யோகேஸ்வரன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். கட்டில் ஓரத்தில் லேப்டாப்பை விரித்து வைத்திருந்தான்.

"மாப்ள, ஸ்டிக்கரப் பாருங்க" என்று காளிதாஸ் பென் டிரைவை நீட்டினார்.

யோகேஸ்வரன் சொருகிப் பார்த்தான். தேடினான். பிறகு சிரித்தான். "இந்தப் பைல நேத்தா போட்டீங்க மாமா?"

"நேத்துச் சாயங்காலம்."

"இதுல ரெண்டாயிரத்து ரெண்டு ஜனவரின்னு இருக்கு. பாப்பாவுக்கு இப்பவே இருபது வயசுக்கு மேல ஆயிருச்சு, மாப்பிள்ள பாக்கணும்."

"எதுல?"

"தேதியில மாமா. உங்க பெரியவருக்குள்ள இருக்குற சின்ன பேட்டரி செத்துப்போச்சு போல. பிளக்கு கரண்டுல இம்புட்டு நாளு ஓட்டியிருப்பாரு. பிளக்கப் பிடுங்குனா எல்லாம் மறந்து பழைய தேதிக்குப் போயிருவாரு. ஆன் பண்ணையில ஏதாச்சும் எஃப் ஒன் அழுத்தச் சொல்லி..."

காளிதாஸ் எழுந்துவிட்டார். பூஜைக்குப் பிறகு போட்டதெல்லாம் ரெண்டாயிரத்து ரெண்டு. அப்படியென்றால் திருத்தின கோடு வரிசையில் அடியில் போய்க் கிடக்கிறது. மேலே கிடந்தது நாய்க் கால்.

"என்ன மாமா, வேர்க்குது?"

"பிள்ளையப் பாத்துக்கங்க மாப்ள. நான் வாரேன்."

சஃபீருக்குப் போன் அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். பால்சாமிக்கும் அதே பெண், அதே வார்த்தை. முஹைதீன் பாய்க்கு மணி போனது, எடுக்கவில்லை. ஏலக் கூடத்துச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்காது. காளிதாஸ் பைக்கை எடுத்தார். உச்சிப்புளி தாண்டும்போது இரண்டு பக்கமும் பனைகள் அசையாமல் நின்றன. காற்று சுத்தமாக இல்லை. வலை போடுவதற்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. கோட்டை ஒட்டித்தான் மீன் கிடக்கும். கோட்டை ஒட்டித்தான் எல்லாரும் போவார்கள். தான் போட்ட கோட்டை.

மண்டபத்தில் போட்டுகள் நிற்கிற ஜெட்டியில், தகரக் கொட்டகைக்குள் முஹைதீன் பாய் டீசல் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் வயர்லெஸ் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. காளிதாஸைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா தாத்தா! லட்டு எங்கடா?"

"பாய், சஃபீரயும் பால்சாமியயும் கூப்பிடுங்க. காலைல நான் ஏத்துன கோடு தப்பு. நெசக் கோட்டுக்கு ரொம்பக் கெழக்க தள்ளிக் கெடக்கு."

பாய் சிரிக்கப் போனார். காளிதாஸின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மைக்கை எடுத்தார்.

"சஃபீர், வாப்பா பேசுறேன். கேக்குதா?"

இரைச்சல். பிறகு சஃபீரின் குரல், தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "கேக்குது வாப்பா. நல்ல பாடு. வல கனத்துக் கெடக்கு."

காளிதாஸ் மைக்கைப் பிடுங்கினார். "தம்பி, நான் காளி. கோட்டுக்கு இன்னும் எம்புட்டு இருக்கு?"

"ரெண்டு மூணு மைலு காட்டுதுண்ணே. பயப்படாதீக, இந்தப் பக்கந்தான் நிக்கிறோம்."

"இல்லடா. அந்தப் பக்கம் நிக்கிற. நான் ஏத்துனது தப்பான கோடு. திரும்பு."

சிரிப்புச் சத்தம் கேட்டது. கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். "பேத்தி பொறந்த சந்தோசத்துல காலைலயே போட்டுட்டீகளாண்ணே? பெரியவரு பொய் சொல்ல மாட்டாருன்னு நீங்கதான அடிச்சுச் சொல்லுவீக."

"பெரியவரு சொன்னாருடா. எஃப் ஒன் போட்டு நிப்பாட்டிச் சொன்னாரு. நாந்தான் படிக்காம அழுத்திட்டேன்." இந்த ஊரில் யாரிடமும் காளிதாஸ் அப்படி ஒரு வாக்கியம் பேசினதில்லை. "உன் கால்ல விழுறேன், திரும்பு."

கடலில் சிரிப்பு நின்றது.

"வலய இழுக்கவே நேரமாகும்ணே."

காளிதாஸ் முஹைதீன் பாயைப் பார்த்தார். அந்த வலைக்கு ஈயக்குண்டு கோத்தது பாயின் கைதான். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"வலய அறு."

"வாப்பா..."

"அறுன்னா அறுடா! மேக்க பிடி!"

இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு எஞ்சின் உறுமுகிற சத்தம். "அறுத்தாச்சு. திரும்பிட்டோம்." அவன் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "வாப்பா, கெழக்க ஒரு கப்பல் தெரியுது. எங்க பக்கம் வரல. வடக்க ஏறிப் போகுது."

"வடக்க யாரு இருக்கா?"

"பால்சாமி அண்ணன்தான். எங்களத் தாண்டிப் போனாக."

பாய் மைக்கை மேஜையில் வைத்துவிட்டார். காளிதாஸ் எடுத்து அழுத்தினார்.

"பால்சாமி, பால்சாமி, காளி பேசுறேன். திரும்புங்க. பால்சாமி."

விட்டார். இரைச்சல். மறுபடி அழுத்தினார். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. ராக்கு, வீடியோவில். அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"எங்களுக்கும் கேக்கல" என்றான் சஃபீர். "வயர்லெஸ்ஸ அமத்தி வச்சிருப்பாக. பேச்சுச் சத்தம் அவுகளுக்குப் பிடிக்காது. நான் சேந்து கூப்பிடுறேன்."

அவன் கூப்பிட்டான். அவனுக்கு வடக்கே இருந்த இன்னொரு போட்டு கேட்டு, அதுவும் கூப்பிட்டது. பிறகு பேர் தெரியாத ஒரு குரல், அதற்கும் அப்பால் இன்னொன்று. பெட்டிக்குள் கடல் முழுக்க ஒரே பேராக இருந்தது. கொட்டகை வாசலில் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்து நின்றாள். பால்சாமியின் மனைவி. அவள் காளிதாஸையும் அவர் கையில் இருந்த மைக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னண்ணே, எங்க வீட்டாளு பேரச் சொல்றாக?"

காளிதாஸ் மைக்கை விடாமல் அவள் பக்கம் திரும்பி, "நான் தப்பான கோட்ட ஏத்திக் குடுத்துட்டேம்மா, அதான் திரும்பச் சொல்லிக் கூப்பிடுறோம்" என்றார்.