ஆடுகள் வந்த பிறகுதான் கதை நகர்ந்தது

சினிமாவுக்குக் கதை எழுதும் தொழிலில் எழுதுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது. கதை வைத்துக்கொண்டு நடக்கும் அன்பர்களே, உங்களுக்கும் கால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சங்கரன்கோவில். பிழைப்புக்கு ஒரு டைப்பிங் கடை. மனு அடித்துக் கொடுக்கிறேன். மனைவி செல்வி, மேலநீலிதநல்லூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

இரண்டு மணி நேரம்

முதன்முதலாகக் கதை சொல்ல ரயிலேறிச் சென்னை போனேன். விசைத்தறி ஓட்டும் ஒருவனின் கதை. அதில் காதல் இருந்தது, அண்ணன் தம்பி சண்டை இருந்தது, தேர்தல், திருவிழா, கடைசியில் வெள்ளம்கூட இருந்தது. எங்கள் ஊரில் வெள்ளம் வராது. ஆனாலும் விட மனசில்லை.

இரண்டு மணி நேரம் சொன்னேன். அழ வேண்டிய இடத்தில் நானே அழுதேன். இயக்குநர் மரியாதையான மனுஷர், ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை. முடித்ததும் மெதுவாகக் கேட்டார்: "நல்லா சொன்னீங்க பிரதர். ஒண்ணு மட்டும் புரியல. இதுல யாருக்கு என்ன வேணும்?"

மூன்று பக்க மனு

அந்தக் கேள்வி ஊர் வரைக்கும் கூடவே வந்தது. கடையில் உட்கார்ந்தாலும் மனசு உட்காரவில்லை. அந்தச் சமயத்தில்தான் சிவகிரியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பக்கத்து வயல்காரர் பாதையை மறித்து முள்வேலி போட்டுவிட்டார். அறுப்பு மெஷின் உள்ளே போக வழியில்லை. தாசில்தாருக்கு மனு வேண்டும்.

எனக்குள் இருந்த கதாசிரியர் விழித்துக்கொண்டார். வந்தவரின் தாத்தா கிணறு வெட்டியதில் ஆரம்பித்து, வேலிக்காரரின் குணம்வரை மூன்று பக்கம் அடித்தேன். விவசாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"அண்ணாச்சி, வேலிய எடுக்கணும், பத்து நாளைக்குள்ள எடுக்கணும், இல்லேன்னா நெல்லு உதிந்துரும். அது போதும். எங்க தாத்தா கதைய நான் நேர்ல சொல்லிக்கிடுதேன்."

கண்ணாடிக் குழாய்

ஒரு நாள் செல்வி வேலை முடிந்து வந்து, சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். ஆடு மேய்க்கும் மாடசாமி என்பவரை விரியன் பாம்பு கடித்துவிட்டது. பைக்கில் ஒருத்தர் தூக்கிவந்து போட்டார். ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்தார்கள். உறைந்தால் பெரிய பயமில்லை. உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. மாடசாமியும் பைக்கில் கொண்டுவந்தவரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"சாய்ச்சுப் பாத்தா, தண்ணி மாதிரி ஓடுது" என்றாள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். சொல்லி முடிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் நடப்பதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றிருந்தேன். இது கதை, இதுதான் கதை என்று கத்தினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல என்னங்க கதை இருக்கு? வாரத்துக்கு ஒண்ணு வருது. தோசை ஊத்தவா?"

மாடசாமி சொன்னது

இதைக் கதையாக்க மாடசாமியின் சம்மதம் கேட்டு அவர் ஊருக்கே போனேன். கால் வீக்கம் வடிந்து, வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "அந்த இருபது நிமிஷமும் சாவைப் பத்தித்தானே நினைச்சீங்க?" என்று கேட்டேன். இல்லையாம். பாம்பு கடித்தபோது அவர் ஆடுகள் பக்கத்துப் பருத்திக்காட்டு ஓரம் நின்றன. பைக்கில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தவர் அந்தப் பருத்திக்காட்டுக்காரர். ஆடு மேய்ந்த விஷயமாக இருவருக்கும் ரெண்டு வருஷமாகப் பேச்சில்லை. "குழாய அவரு பாக்காரு, அவரு மூஞ்சிய நான் பாக்கேன். நாப்பது ஆடும் உள்ள எறங்கிருக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கல."

ஆடுகள் ஒரு மூலையை மொட்டையடித்துவிட்டன. பருத்திக்காரர் அதைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். மாடசாமி கயிற்றைக் கீழே வைத்தார்.

"கேட்டுட்டாருன்னா நிம்மதியாப் போயிரும் சார். கேக்க மாட்டேங்காரு."

சிக்னல் போன இடம்

சென்னை இயக்குநருக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை வெள்ளம் இல்லை, காதல் இல்லை. ஒரு குழாய், இரண்டு ஆள், வெளியே நாற்பது ஆடு. உட்கார்ந்து சொல்ல எனக்கு வராது. முன்னறைக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே சொன்னேன். செல்வி குழாயைக் கையில் எடுக்கும் இடம் வந்தபோது, நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். எங்கள் அடுப்படியில் சிக்னல் கிடையாது. லைன் கட்டாகிவிட்டது.

தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நான் போடும் முன்பே போன் அடித்தது. பழகிய இரண்டு வருஷத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஹலோகூடச் சொல்லவில்லை.

"பிரதர், குழாயைச் சாய்ச்சாங்களா இல்லையா? அந்த ஆடு என்ன ஆச்சு?"

முழுசாக எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார், இன்னும் கூப்பிடவில்லை. அடுத்து என்ன ஆகும் என்று மனுஷரைத் தவிக்கவிடுவதுதான் திரைக்கதை என்றால், நான் எழுதியதில் இதுவரை ஒழுங்காகத் தவித்துக்கொண்டிருப்பது எழுதியவன் மட்டும்தான்.