கதவைப் பார்த்த பொட்டு

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இங்கே சொல்லப்போவது நான் ஒரு காரின் ஸ்டியரிங்கைச் சீர்செய்ததைப் பற்றி.

முயற்சி செய்யாமல் இல்லை. கல்யாணமான புதிதில், கமுதிப் பக்கம் ஒரு சாலையில் என் மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். சாலையின் பாதியில் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஓட்டினால் போதும், அவ்வளவுதான் பாடம். நான் மிளகாய்ப் பாதியில் ஓட்டினேன். காருக்குள் நாங்களும் வெளியே ஊருமாகத் தும்மிக்கொண்டிருந்தபோது, வற்றலுக்குச் சொந்தக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, "ஏலே, கார் ஓட்டுறியா, மொளகா அரைக்கிறியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இறங்கிச் சுற்றி வந்து இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்தேன். இன்றுவரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கார் ஒரு பழைய அம்பாசிடர். என் மாமனார் ராமநாதபுரத்தில் வாடகைக்கு ஓட்டியது. அவருக்குப் பின் மகளுக்கு, அதாவது என் மனைவிக்கு, வந்தது. மகள் தலைமை ஆசிரியை. பள்ளிக்கு ஸ்கூட்டரில்தான் போவாள். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் காரை எடுப்பாள். தேவிபட்டினம் வரை போவோம், கடலைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு டீ குடிப்போம், திரும்புவோம். வீட்டில் எங்கள் பேச்சு கேஸ் சிலிண்டரையும் மோட்டார் சுவிட்சையும் தாண்டாது. காரில் அவள் சாலையைப் பார்த்தபடி பேசுவாள், நானும் சாலையைப் பார்த்தபடி பதில் சொல்லுவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் நாங்கள் மிக நல்ல தம்பதி.

அந்தக் காரின் ஸ்டியரிங்தான் வெடிப்பு விட்டுவிட்டது. உள்ளே இரும்பு வளையம், மேலே கறுப்பாகக் கெட்டிப்பட்ட பூச்சு. வெயிலும் உப்புக்காற்றுமாகச் சேர்ந்து அதைக் கோடையில் வற்றிய கண்மாய் போல ஆக்கியிருந்தன. பிடித்தால் கை கறுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைவில் திருப்பும்போது விளிம்பு அவள் உள்ளங்கையைக் கீறிவிட்டது. வீட்டுக்கு வந்து கையைக் கழுவியபடியே, "வித்துருவோம்" என்றாள்.

"ஸ்டேரிங்க மட்டும் மாத்தலாமே?"

"எங்க அய்யா பிடிச்ச ஸ்டேரிங்க மாத்தி வேறொண்ண வைக்கிறதுக்கு, காரையே குடுத்துரலாம். மதுரையில ஒருத்தரு ரொம்ப நாளாக் கேக்குறாரு."

அடுத்த ஞாயிறு காலை வந்து பார்ப்பதாக அந்த மதுரைக்காரர் போனில் சொல்லிவிட்டார். அவளுக்கு ஓட்டுவதற்கு ஸ்கூட்டர் இருக்கிறது. எனக்கு உட்கார வேறு இடம் இல்லை. "அதுக்குள்ள நான் சரிபண்ணிட்டா?" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டில் நான் இதற்குமுன் சரிசெய்த மிக்ஸி, தையல் மிஷின், சுவர்க்கடிகாரம் எல்லாம் அந்தப் பார்வையில் வரிசையாக வந்துபோயின. "கை கிழியாமப் பிடிக்கிற மாதிரி இருந்தா, விக்கிறதப் பத்தி யோசிக்கலாம்" என்றாள்.

புத்தகம் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு: படித்ததெல்லாம் கைக்கு வந்துவிடும் என்று நினைப்பது. மூன்று நாள் படித்தேன், வீடியோக்கள் பார்த்தேன். பிறகு ஹாரன் பட்டனைக் கழற்றி, ஸ்பானரால் நடுநட்டைக் கழற்றி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். வந்தது, நேராக என் மோவாய்க்கு. நட்டை முழுக்கக் கழற்றாமல் நுனியில் விட்டு வைத்து இழுக்க வேண்டும் என்பது எல்லா வீடியோவிலும் இருந்தது. அந்த இடத்தில் நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

கழற்றும்போது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் என் மனைவி ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரே இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள்; அவள் அப்பாவும் அங்கேதான் வைத்தாராம். வருடக்கணக்கில் படிந்து அது ஒரு மச்சம் போலத் தடித்திருந்தது. நான் கழற்றிய அன்று அந்தப் பொட்டு உச்சியில் இல்லை, வலப்பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கவனித்தேன், அவ்வளவுதான். அழுக்கு என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு டியூப்பைக் கலந்து பூசும் பசையை மொட்டைமாடியில் கலந்தேன். ஒரு நாள் காய வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. அந்த அட்டையை எழுதியவர் ராமநாதபுரம் வெயிலைப் பார்த்ததில்லை. நான் கலக்கி முடிப்பதற்குள் அது கரண்டியோடு கல்லாகிவிட்டது. கரண்டி இன்றும் அப்படியே இருக்கிறது, மனைவி அதைத் தூக்கிப்போட விடவில்லை. ஹார்டுவேர் கடைக்காரர்தான், "வள்ளத்து ஓட்டையவே அடைக்கிறாங்க சார், பாம்பன்ல போய்க் கேளுங்க" என்று வழி சொன்னார்.

ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "டிரைவர்கிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்கு சார்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. பாம்பன் வரை எல்லோரும் என் மடியைத்தான் பார்த்தார்கள். பாலத்தில்கூட யாரும் கடலைப் பார்க்கவில்லை.

ஃபைபர் படகுகளை ஒட்டிச் சரிசெய்கிறவர் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், கழுத்தில் ஜெபமாலை. ஸ்டியரிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் கடல்ல ஓடுச்சு சார்?"

"ரோட்டுலதாண்ணே."

வெடிப்புகளை ரம்பத் துண்டால் கீறி அகலப்படுத்தினார். தேங்காய்ச் சிரட்டையில் பசையை ஊற்றியவர், அதை இறுகவைக்கும் மருந்தை உடனே ஊற்றவில்லை. எழுந்துபோய் வள்ளத்தின் முதுகில் உள்ளங்கையை வைத்து, சூட்டைப் பார்த்துவிட்டு வந்து சில சொட்டுகள் விட்டார். "காலையில ஒரு அளவு, உச்சியில ஒரு அளவு. வெயிலத்தான் சார் கேக்கணும்" என்றார். என் கரண்டியின் ஞாபகம் வந்தது.

பூசுவதற்கு முன் பொட்டைத் தொட்டுக் காட்டி, "கழட்டும்போது இது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு குறிச்சு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"அந்த நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாதுண்ணே" என்றேன். கொஞ்சம் பெருந்தன்மையோடு சிரித்ததாகவும் ஞாபகம்.

"நம்பிக்கையில கேக்கல சார். நாங்க இன்ஜின்ல எதக் கழட்டுனாலும் மொதல்ல..." என்று ஆரம்பித்தார். அதற்குள் சிரட்டையில் பசை சுட ஆரம்பித்துவிட்டது. பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

அடுத்த இரண்டு நாளும் உப்புத்தாளும் கையுமாக இருந்தேன். தேய்த்தேன், தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பொட்டு செம்மண் கரைவது போலக் கரைந்து போயிற்று. கறுப்புப் பெயின்ட் மூன்று கை அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக வந்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் தொட்டது ஒன்று தொடுவதற்கு முன்பிருந்ததைவிட நன்றாக இருந்தது. சனிக்கிழமை மாலை அதை மாட்டினேன். நடுவிலிருந்து இருபக்கமும் போகும் இரண்டு கைகளும் தரைக்குச் சமமாக, சாமி படம் மாட்டுவது போல, தள்ளி நின்று பார்த்து மாட்டினேன்.

ஞாயிறு காலை மதுரைக்காரர் வந்தார். மனைவி ஸ்டியரிங்கை ஒருமுறை சுற்றித் தடவினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு இல்லை. "ஓட்டிப் பாருங்க" என்று சாவியை அவரிடம் கொடுத்தாள். சரிசெய்து கொடுத்தது அவருக்காகவா?

மூவரும் ஏறினோம். நான் பின்னால். தெரு நேராகத்தான் போகிறது. அவர் ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தார். கார் மட்டும் வேப்பமரத்தை நோக்கிப் போயிற்று. அவர் கால்வாசி வட்டம் திருப்பிப் பிடித்ததும் தெருவுக்கு வந்தது. தெருக்கோடி வரை அப்படியே கையை முறுக்கிக்கொண்டு ஓட்டித் திரும்பினார். வியர்த்திருந்தது.

"என்ன டீச்சர், அடியில ஏதும் வளைஞ்சிருக்கா? எங்கயும் மோதுச்சா?"

"மோதலயே. ஸ்டேரிங்க எங்க வீட்டுக்காரருதான் கழட்டி மாட்டுனாரு" என்றாள் மனைவி. அத்தனையும் உண்மை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மோவாயிலிருந்த பிளாஸ்திரியையும் பார்த்தார். "வேற எதெதக் கழட்டுனாரு?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிறகு போன் பண்ணுவதாகச் சொல்லிக் கிளம்பினார். பண்ணவில்லை.

அவர் தெருமுனை திரும்பியதும் மனைவி கையை நீட்டினாள். "ஸ்பானர எடுங்க." காரைத் தெருவில் நேராக ஓட வைத்து நிறுத்தினாள். நட்டைத் தளர்த்தினாள், முழுக்கக் கழற்றவில்லை. "பொட்டு எங்க?"

"தேச்சுட்டேன்."

"கழட்டும்போது அது எங்கிட்டுப் பாத்துச்சு?"

"கதவப் பாத்து."

"டயரு திரும்பி நின்னுருக்கு, அதான் பொட்டும் திரும்பியிருக்கு. அது தெரிஞ்சும் வேற மாதிரி மாட்டுனீங்களா?"

"கோணலா இருந்துச்சு. பாக்க நல்லா இல்ல."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கால் மணி நேரத்தில் மாட்டி முடித்துவிட்டாள். உள்ளே போய்ச் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து, காய்ந்த என் கறுப்புப் பெயின்டின் மேல், உச்சியில், ஒன்று வைத்தாள். வைக்கும்போது என்னைப் பார்த்து, "இது அழுக்கில்ல" என்றாள். நான் மனதில் எழுதியதை எப்போது படித்தாளோ தெரியவில்லை.

தேவிபட்டினம் சாலையில் பாதி தூரம் போனபின் கேட்டேன்: "கால் மணி நேர வேலைதான்னு மதுரைக்காரருகிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"அவரு அதக் கேக்கலயே" என்றாள், சாலையைப் பார்த்தபடி.

நானும் சாலையைப் பார்த்தேன்.