தலைகீழாய் நட்ட கரணைகள்

பச்சைக் குச்சியை அரிவாள் வெட்டும்போது ஒரு பால் வாடை வரும். அடுத்த வெள்ளாமைக் காட்டில் இன்று குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கு நடவுக் கரணை வெட்டுகிறார்கள். காற்று அதை என் சமையற்கட்டுவரை கொண்டுவந்துவிட்டது. உலை கொதித்துக்கொண்டிருக்க, அரிசி போட மறந்து நின்றேன். பழைய பயம் ஒன்று திரும்ப வந்தது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. அரிசி கண்ணில் படாத வருஷம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் கிணறு வற்றி எங்கள் கரும்பு கருகிப்போனது. மலையாளத்துப் பக்கமிருந்து வந்த புதுப்பயிர் இந்தக் குச்சிக்கிழங்கு, தண்ணீர் அதிகம் கேட்காது என்றார்கள். குச்சிக் கட்டுகள் வண்டியில் வந்திறங்கின. என் வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மொளச்சா ஊட்டுல கெடப்பேன் அம்மிணி. மொளைக்கலீன்னா பட்டாளத்துக்குத்தான்."

ஆள் எடுக்கும் லாரி சந்தைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. அதில் ஏறிய எங்கள் ஊர்க்காரர் எவரும் அதுவரை திரும்பவில்லை.

நாங்கள் கரும்பு போட்டே பழகியவர்கள். கரும்புக் கரணையைப் படுக்கப் போட்டுத்தானே மூடுவோம். அதற்குத் தலை எது, கால் எது என்று எவர் பார்த்தார்? அதே பழக்கத்தில் இந்தக் குச்சிகளையும் துண்டுபோட்டுக் கூடையில் அள்ளிக் கொட்டினோம். மெலிந்த முனை மண்ணில் சுலபமாய் இறங்க, பெரும்பாலும் அதையே கீழாக்கிச் செருகினோம்.

விடியவிடியக் காட்டுக்கு ஓடுவேன். வரப்போரம் சிலது துளிர்த்தது. மற்றதெல்லாம் எலும்பை நட்டதுபோல நின்றது. மண்ணைப் பார்க்கப் போய்ச் சந்தைப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பக்கத்துக் காட்டுக்காரர் வேலியோரம் வந்து, "ஏம்ப்பா மாப்ள, வெறகுக் காடா போட்டிருக்கறே? அடுப்புக்குப் பஞ்சமில்ல போ!" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் குனிந்து முளைக்காத குச்சிகளை எண்ணத் தொடங்கினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாயிருந்தது.

தாங்காமல் ஒரு குச்சியைப் பிடுங்கினேன். மண்ணுக்குள் இருந்த முனையில் வெளுத்த குருத்து, வெளிச்சம் தேடி வளைந்து, பாதியில் அழுகிக் கிடந்தது. வெயிலில் நின்ற முனையிலோ வேர் விடப் பார்த்துக் காய்ந்துபோன முடிச்சுகள்.

"ஏனுங்க, இங்க பாருங்க. தலைகீழா நட்டுருக்கறோமுங்க."

"குச்சிக்கு ஏது புள்ள தலை?"

"அதுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. நமக்குத்தான் தெரியில."

பல வருஷம் கழித்துப் படித்தேன்: குருத்தில் ஊறும் ஆக்சின் என்ற வளரூக்கி, நுனியிலிருந்து அடிநோக்கித்தான் இறங்குமாம். அது போய்ச் சேரும் அடியில்தான் வேர் பிடிக்குமாம். குச்சியை நாம் கவிழ்த்தாலும் அதன் ஓட்டம் கவிழாது. ஒரு சொட்டுக்கும் குறைந்த அந்தச் சாறா என் வீட்டை ஆட்டிவைத்தது?

பிடுங்கித் திருப்பி நட்டோம். வெயில் முந்திக்கொண்டது, பால் வற்றிய குச்சிகள் அசையவே இல்லை. அடுத்த சந்தையன்று புளியமரத்தடியில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. இவர் ஏறிவிட்டார். தோளில் ஒரு துண்டு மட்டும்.

லாரிப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா நட்டுப் பாக்கலாமுங்க. எறங்கிருங்க."

"மழ பேஞ்சதும் வரப்போரத்துல மொளச்சத வெட்டி நடு அம்மிணி. மொளக்கண்ணு மேலாக்க பாக்கோணும், மறந்துறாத."

"நீங்க?"

"கெழங்கு பறிக்கறப்ப வாரேன். கைய எடு சாமி, வண்டி கெளம்புது."