நிலவறையில் நாங்கள் கட்டிய அறை

கொழும்பில் மூன்று வருடங்கள் காத்திருந்த பிறகுதான் அம்மாவும் நானும் டென்மார்க்குக்கு வந்தோம். அப்பா எங்களுக்கு முன்னரே அகதியாக வந்து, எங்களைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். எங்களைப் போன்றவர்களின் கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது, டென்மார்க் அமைச்சர் ஒருவரையே விசாரணைக்கு இழுத்த தமிழர் வழக்கு தொலைக்காட்சியில் அடிபடத் தொடங்கியபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

ஹொல்ஸ்டெப்ரோ நகரில் எங்கள் மாடிக்கு மேலே ஒரு சோமாலியக் குடும்பம் குடிவந்தது. அவர்களுடைய மகளும் நானும் ஒரே வகுப்பு. பாடசாலையில் ஒருத்தி விரலை எச்சிலில் நனைத்து, அந்தச் சோமாலியப் பிள்ளையின் கையைத் தேய்த்து, நிறம் போகிறதா என்று பார்த்தாள். மற்றவர்கள் அவளுடைய சுருள்முடியை இழுத்துப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டாள். பக்கத்தில் நின்ற நானும் ஒன்றும் சொல்லவில்லை. என்னையும் கறுப்பி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வந்தபின் அது கொஞ்சம் குறைந்திருந்தது. அந்த நிம்மதியை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கட்டடத்தின் நிலவறையில் முன்பு உடுப்புக் காயப்போட்ட அறை ஒன்று சும்மா கிடந்தது. ஒருநாள் சைக்கிள் எடுக்கப் போனபோது அவள் அதற்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது எங்களுக்குக் கிடைத்தால்?" என்று டேனிஷில் கேட்டாள். "எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு மட்டும்."

"நானும் வரலாமா?"

"உன்னை வகுப்பில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பக்கத்து வாசலில் இருந்த கானா நாட்டுச் சகோதரிகள் இருவரையும் சேர்த்துக்கொண்டு கட்டடப் பராமரிப்பாளரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். பெரியவர் ஒருவர் பொறுப்பெடுத்துக் கையெழுத்திட்டால் பூட்டின் திறப்பைத் தருவதாகச் சொன்னார். டேனிஷ் வாசித்து விளங்கக்கூடிய பெரியவர் என்று எங்களுக்குத் தெரிந்தவர் அப்பா மட்டும்தான்.

பராமரிப்பாளர் தந்த படிவத்தை அப்பா தள்ளிவைத்தார். "கறுவல் பிள்ளையளோட உனக்கென்ன வேலை? நாங்கள் வேற, அவை வேற."

சமையலறையில் நின்ற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பள்ளிக்கூடத்தில உங்கட மகளை என்னெண்டு கூப்பிடினம் எண்டு கேட்டனீங்களோ?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"ஆரோ ஒருத்தன் கையெழுத்துப் போடேல்லை எண்டு நான் இவளோட மூண்டு வருஷம் கொழும்பில கிடந்தனான்," என்றார் அம்மா. "இண்டைக்கு உங்களிட்டை ஒரு கையெழுத்துத்தான் கேக்கினம்."

அப்பா படிவத்தை மறுபடி தன் பக்கம் இழுத்தார். பிறகு எழுந்து பேனாவைத் தேடினார்.

சுவருக்கு மஞ்சள் பூசினோம். தரைக்கு யாரோ எறிந்த கம்பளம் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை அப்பா தன் உயரத்துக்கு ஒரு கண்ணாடியைத் தோளில் சுமந்து வந்தார். "பெட்டையளுக்கு முகம் பாக்க வேணுமெல்லோ," என்றார். வெளியேறும்போது என் சோமாலியத் தோழியிடம் டேனிஷில், "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். அவருக்கு வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரிந்திருக்காது.

அந்த அறையில்தான் அவள் மறுபடியும் மற்றவர்கள் முன்னால் டேனிஷ் பேசினாள். கதைப்புத்தகத்தை உரக்க வாசிப்பாள்; பிழைவிட்டால் தானே சிரிப்பாள். ஆறேழு பேர் வரத் தொடங்கினோம். ஒருநாள் டேனிஷ் பெண் ஒருவர் மகளின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றார். பிள்ளையின் தகப்பன் காம்பியாக்காரர். "இவளுக்குச் சீப்பால் தலை இழுக்க எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் அழுகிறாள்," என்றார். என் தோழியின் தாய் கீழே இறங்கி வந்து, எண்ணெய் தடவி, நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்துக் காட்டினார். பின்னி முடித்ததும் அந்தச் சிறுமி கண்ணாடி முன்னால் போய் நின்று, பக்கம் பக்கமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வருடம் முடியுமுன் என் தோழி வகுப்பில் தானாகவே கை உயர்த்தினாள். தன் தலையைத் தொட வந்தவளிடம், "என்னைக் கேட்டாயா?" என்றாள். இம்முறை நானும் எழுந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பிறகு நாங்கள் ஒடென்சே நகருக்கு மாறினோம். அறையைச் சின்னப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் கடிதம் எழுதினாள். சுவருக்கு ஊதா பூசிவிட்டார்களாம். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. கூடவே அழவேண்டும் போலவும் இருந்தது.