இலத்தூர் மாட்டின் மூக்கு

கண்ணை மூடினால் எனக்கு மாட்டு மூக்குகள்தான் தெரிகின்றன. கறுப்பு, செவலை, ரோஸ்; எல்லாம் ஈரமாக, எல்லாம் என்னை முகர வருகிறவை. காப்பீட்டுக்காக மாடுகளைப் படம் எடுக்கிற வேலையில் சேர்ந்து நாலைந்து சாரல் காலம் பார்த்துவிட்டேன். போனில் கல்யாணப் படங்களைவிட மாட்டுப் படங்கள்தான் அதிகம் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். அவர் மூக்கை நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லைதான்.

முன்பெல்லாம் காப்பீடு செய்த மாட்டின் காதில் துளை போட்டு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை மாட்டுவார்கள். "காது குத்துதியளே, தாய்மாமன் எங்க?" என்று கேட்காத வீடு கிடையாது. வில்லை அறுந்து விழும், காது புண்ணாகும். அதற்குத்தான் இந்தப் புது ஏற்பாடு. மனிதருக்குக் கைரேகை மாதிரி மாட்டுக்கு மூக்கில் ரேகை. ஒன்றின் ரேகை இன்னொன்றுக்கு இருக்காது. போனைக் காட்டினால் இது இன்ன மாடு என்று ஆப் சொல்லிவிடும்.

பயிற்சி வகுப்பில் வெளிதேசத்துக் கதைகளும் சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு பக்கம், மேய்ச்சல் நிலத்தை வானத்திலிருந்து செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டே இருக்குமாம். புல் காய்ந்தது தெரிந்தால் ஆடுமாடு சாவதற்கு முன்பே பணம் வந்துவிடுமாம். யாரும் மனுக் கொடுக்க வேண்டாம், யாரும் வந்து துருவ வேண்டாம். அதைக் கேட்டதிலிருந்து தென்காசியில் ஸ்கூட்டரை எடுத்துக் குற்றாலம் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். ஆனி ஆடியில் மேலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் தெரியவே தெரியாது, மேகம்தான் தெரியும். அதன் அடியில் அருவியும் டீக்கடையும் மாடுகளும் நானும் யார் கண்ணிலும் படாமல் நனைந்துகொண்டிருப்போம். அந்த நினைப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அப்படியொரு ஆனி மாதக் காலையில்தான் இலத்தூரில் மாடு வளர்க்கும் ஓர் அக்கா வீட்டுக்குப் போனேன். வெயிலும் தூறலும் சேர்ந்தே விழுந்துகொண்டிருந்தன. அக்காவிடம் இரண்டு மாடுகள். ஒரே தாய்க்கு அடுத்தடுத்துப் பிறந்தவை, இரண்டும் முழுக் கறுப்பு. மூத்தது சாது, பால் வற்றிப்போனது. இளையது பொல்லாதது, உதைக்கும். ஆனால் குற்றாலத்தில் இரண்டு டீக்கடைகளுக்குப் போகிற பால் அது கறப்பதுதான். அந்தப் பாலில்தான் மகள் திருநெல்வேலியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் இளையதுக்கு மட்டும் காப்பீடு.

இளையது மூக்கைக் கொடுத்தால்தானே! முட்ட வந்தது, வாலைச் சுழற்றி என் துப்பட்டாவில் சாணியை அப்பியது. போதாததற்கு, போட்டோ எடுத்தால் கண்ணு பட்டுவிடும் என்று அக்கா அதன் மூக்கிலேயே கரிப்பொட்டு வைத்திருந்தாள். "மொதல்ல இந்தக் கரியை அழிங்கக்கா!" என்று எரிந்து விழுந்தேன். போன் கண்ணாடியில் வேறு சாரல் படிந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், "பிடிச்சு நிப்பாட்டிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்கு வெளியே வந்தேன்.

அக்கா கொடுத்த காப்பி கையில் சுட்டது. எதிரே மலை. மேகம் பாதி மலைக்கு இறங்கி, மெல்லக் கலைந்து, மறுபடி இறங்கியது. எங்கேயோ ஓர் அருவி வெள்ளை நூலாகத் தெரிந்து மறைந்தது. தெரிகிறதா, இல்லையா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று எனக்கே தெரியாது. அங்கே அப்படி நின்றதற்குத்தான் இன்றுவரை என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

"நிக்குது மேடம், வாங்க" என்று அக்கா கூப்பிட்டாள். மாடு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாக நின்றது. முதல் படமே அச்சாக விழுந்தது. "இப்பல்லா தங்கம்!" என்று அதன் நெற்றியைத் தடவிக்கூடக் கொடுத்தேன்.

ஆடிக் கடைசியில் இளையதைப் பாம்பு கடித்துவிட்டது. லீவுக்கு வந்திருந்த மகளை விட்டு, செத்த மாட்டின் மூக்கைப் படம் எடுக்கச் சொல்லி, அக்கா கம்பெனிக்கு அனுப்பினாள். இது பதிவான மாடு இல்லை என்று பதில் வந்தது. விசாரிக்க என்னையே அனுப்பினார்கள்.

தொழுவத்தில் மூத்தது மட்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஏதோ தோன்றி, அதன் மூக்குக்கு நேராகப் போனைப் பிடித்தேன். பச்சை டிக் விழுந்தது. பதிவான மாடு இதுதான் என்றது ஆப்.

"அக்கா, அன்னைக்கு எந்த மாட்டைப் பிடிச்சு நிப்பாட்டுனிய?"

"இதத்தான்" என்றாள், ஒளிவுமறைவே இல்லாமல். "அது நிக்கவே மாட்டுக்குலா. நீங்களும் கோவத்துல இருந்திய. ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததுதான, அக்கா தங்கச்சிக்கு மூக்கு ஒண்ணுபோலத்தான இருக்கும்? எங்க வீட்டுல அஞ்சு பேருக்கும் எங்க அப்பா மூக்குதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. கடைசியில் கோபம்தான் வெளியே வந்தது. "நர்சுக்குப் படிக்க புள்ளய வச்சுக்கிட்டு இப்படிச் செய்யலாமாக்கா?" என்று கத்தினேன். அவள் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கத்தியிருக்க வேண்டியது என்னைப் பார்த்து.

நடந்ததை அப்படியே எழுதினேன். மாட்டைப் பிடித்து நிறுத்தியபோது நான் பக்கத்தில் நிற்கவில்லை, தவறு என்னுடையது என்றும் எழுதினேன். பதிவான மாடு உயிரோடு இருப்பதால் பணம் தர வழியில்லை என்று பதில் வந்தது. போனில் சொல்ல மனசு வரவில்லை. நேரில் போனேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, வாய் சும்மா இருக்காமல், "இந்த மாட்டுக்கு அடுத்த ஆனி வரைக்கும் காப்பீடு இருக்குக்கா" என்றேன்.

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்து என் கையில் வைத்தாள்.

"செத்தது எம்மாடு. இருக்கது உங்க மாடு. பிடிச்சிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மாடு என் உள்ளங்கையில் மூக்கை வைத்து முகர்ந்தது. அவள் வெளியே வருவாள், வருவாள் என்று கயிற்றைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன்.