பஞ்சுக்கு அடியில் பெனால்டிப் புள்ளி

குளிர்நாடு ஒன்றில் நடந்த கால்பந்து ஆட்டத்தைப் போன மாதம் விடுதித் தோழி கைப்பேசியில் காட்டினாள். மைதானம் முழுக்கப் பனி. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நாலைந்து பேர் ஓடி ஓடிக் கோடுகளின் மேல் கிடந்த பனியைத் தள்ளினார்கள். இதையெல்லாம் நம் ஊரில் பார்க்கவே முடியாது என்றாள். நெய்வேலியில் பார்க்கலாம் என்றேன். மதுரைக்காரி, நம்பவில்லை.

எங்கள் மைதானத்தின் மேற்குப் பக்கம் வரிசையாக இலவ மரங்கள். சித்திரையில் காய் வெடித்துக் காற்றடித்தால் அரை மணி நேரத்தில் கோடுகள் மறைந்துவிடும். பந்துக்குத் தாடி முளைக்கும். மூக்கில் பஞ்சு போய்த் தும்மிக்கொண்டே கார்னர் அடித்தவர்கள் எங்கள் அணியில் உண்டு. பஞ்சை அகற்றுவது என் அம்மாவின் வேலை. பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து டவுன்ஷிப்புக்கு வந்து கான்ட்ராக்ட்டில் மைதானம் கூட்டியவள். துடைப்பம் போட்டால் பஞ்சு எழுந்து பறந்து திரும்ப அதே இடத்தில் உட்காரும் என்பதால், சாக்கை நனைத்துத் தரையோடு இழுப்பாள். பஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஆட்டத்தின்போது அம்மாவுக்கு ஒரே ஒரு விதிதான். பந்து இந்தப் பாதியில் இருந்தால் அவள் அந்தப் பாதியில் இருக்க வேண்டும். பந்து வந்தால் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கோட்டோரமாக மறுபாதிக்கு ஓடுவாள். இதனால் நேர்ந்த விசித்திரம், பல வருடங்களாக அத்தனை ஆட்டத்திலும் மைதானத்துக்குள்ளேயே நின்றவள் ஒரு கோலைக்கூடப் பார்த்ததில்லை. கூட்டம் கத்தும் நேரத்திலெல்லாம் அவள் மறுகோடியில் முதுகைக் காட்டிக் குனிந்திருப்பாள்.

நான் கோல்கீப்பர். பந்து தூரத்தில் இருக்கும்போது வேலையில்லாமல் நிற்பவள். ஆகவே அம்மாவும் நானும் ஆளில்லாத பாதியில் நிறையப் பேசியிருக்கிறோம். காலையில் சாப்பிட்டாயா என்பதில் தொடங்கிக் குழாயில் தண்ணீர் வராதது வரை போகும். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் பந்து வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அது கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் தப்பித்தேன்.

பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த சித்திரையில் மாவட்ட இறுதிப் போட்டி எங்கள் மைதானத்தில் நடந்தது. ஜெயித்தால் கிடைக்கும் சான்றிதழைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக் கல்லூரியில் சேரலாம் என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியதே நான்தான். சென்னை விடுதியில் எனக்கு ஒரு கட்டில் காத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கொரு கோல். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த அணி கடைசிக் கால் மணி நேரம் எங்கள் பாதியை விட்டு நகரவே இல்லை. அதனால் அம்மாவும் எங்கள் பக்கம் வர முடியவில்லை. பஞ்சு கணுக்கால் வரை கிடந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தடுப்பாட்டக்காரி பந்தைக் கையால் தொட்டுத் தொலைத்தாள். பெனால்டி. நடுவர் விசிலடித்துக் கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் புள்ளி இல்லை.

நடுவர் கோலிலிருந்து பன்னிரண்டு எட்டு அளந்தார். அவர் குள்ளம், செல்லாது என்றார் எங்கள் பி.டி. சார். சாரே வந்து வாய்க்காலைத் தாண்டுவதுபோல் எட்டு வைத்தார்; பெனால்டி கிட்டத்தட்ட நடுமைதானத்துக்குப் போயிற்று. எதிரணிப் பயிற்சியாளர், பெண் பார்க்க வந்தவர்கள் முன் நடப்பதுபோல் அடிமேல் அடி வைத்துக் கோலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மூன்று பேர் மூன்று இடத்தில் காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தார்கள். கடைசியில் நடுவர்தான் அம்மாவைக் கூப்பிட்டார்.

எங்கள் கேப்டன் என் காதில், "உங்கம்மாதானே, சார் நிக்கிற இடத்தையே காட்டச் சொல்லு" என்றாள். நான் அம்மாவைப் பார்த்துப் புருவத்தால் முடிந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மூன்று பேரின் கால்களையும் பார்த்தாள்.

"மூணுமே இல்லீங்க. கொஞ்சம் தள்ளிக்கங்க."

குந்தி உட்கார்ந்து, எதிரணிப் பயிற்சியாளர் நின்ற இடத்துக்கும் ஒரு சாண் முன்னால், கோல் பக்கமாகப் பஞ்சை விலக்கினாள். கோடு போட்டவர் எந்தக் கணக்கில் வைத்தாரோ, அப்பம்போல வட்டமாகச் சுண்ணாம்புப் புள்ளி அங்கேதான் இருந்தது. தினமும் அதன்மேல் சாக்கு இழுத்தவளுக்குத் தெரியாதா? தனக்கே துரோகம் செய்துகொண்ட எதிரணிப் பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அம்மா வழக்கம்போல் மறுபாதிக்குக் கிளம்பினாள். நடுவர் நேரமாகிவிட்டது என்று அவளைக் கோல் ஓரத்திலேயே நிற்கச் சொன்னார். எதிரணிப் பெண் ஒருத்தி வந்து அடித்தாள். நான் இடது பக்கம் பாய்ந்தேன். பந்து வலது பக்கம் போயிற்று.

எங்கள் ஊர்க் கூட்டம் அப்படியே அடங்கியது. அந்த அமைதியில் ஒரே ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது. ஈரச் சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, அம்மா.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்று வீடு திரும்பினோம். வாசலில் கேட்டேன்.

"என்னாத்துக்கும்மா கைதட்டுன?"

"எத்தினி வருசமா சத்தத்த மட்டும் கேட்டுக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். நல்லா அடிச்சா அந்தப் பொண்ணு."

"எனக்கு சென்னை சீட்டு போச்சு."

"பரிச்ச எழுதியிருக்கியே, அத வச்சி வாங்கு. அத வுடு. அவ உன் வலக்கைப் பக்கந்தான் பாத்துக்கினு இருந்தா. நீ ஏன் இடக்கைப் பக்கம் பாஞ்ச?"

வாழ்நாளில் ஒரே ஒரு கோல் பார்த்தவள். எனக்குப் பாடம் சொல்ல அது போதுமாக இருந்தது. மதிப்பெண்ணைக் கொண்டு கடலூரில் சேர்ந்தேன், பட்டம் வாங்கினேன், இப்போது சென்னையில் மேற்படிப்பு. கட்டில் மூன்று வருடம் தாமதமாகக் கிடைத்தது, ஆனால் என் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பதில்லை. கர்வத்தைக் குறைக்க அம்மா இருக்கிறாள். போன வாரம் ஒரு வேலைக்கான நேர்முகத்தில் தேறவில்லை என்று போன் செய்தேன். ஆறுதல் வரும் என்று காத்திருந்தேன்.

"எந்தப் பக்கம் பாஞ்ச?" என்றாள்.