திறக்காத சாலையில் ஒரு டர்போ

என் மனைவியின் தம்பி வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிறான். பதினோரு நாள் லீவில் வந்தவன், வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியும் கையுமாக நேரே தஞ்சாவூரில் இருக்கும் என் பட்டறையில் வந்து இறங்கினான்.

“அத்தான், அடுத்த ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ப் பக்கம் கால் மைல் கார் ஓட்டம், ரெண்டு ரெண்டு வண்டியா விடுவாங்க. பேர் குடுத்துட்டேன். மூணு லீவா வண்டி ரெடியாகலன்னு திரும்பிப் போயிருக்கேன். இந்தத் தடவையும் ஓடலன்னா வித்துடுன்னு அக்கா சொல்லிடுச்சு. நானும் சரின்னுட்டேன்.”

அவன் வண்டி ஒரு பழைய குட்டிக் கார். அதற்கு டர்போ மாட்டியது நான். யாரும் சொல்லிக்கொடுத்து நான் வேலை கற்கவில்லை. பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன். பாதிப் பாடம் வாடிக்கையாளர்கள் வாயிலிருந்து வந்தது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வரும் ஒருவர், “வண்டி கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரிங்க. வருது, ஆனா மனசில்லாம வருது” என்றார். எந்த மீட்டர் அப்படிச் சொல்லும்? அன்றே பெட்ரோல் பம்பைக் கழற்றினேன், அதில்தான் கோளாறு.

டர்போ என்றால் இன்ஜினுக்குக் கூடுதல் காற்று. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அதை அளந்துவிடுவது இன்ஜின் கம்ப்யூட்டர். ஆனால் கம்பெனி வைத்த கம்ப்யூட்டருக்கு டர்போ என்று ஒன்று மாட்டியிருப்பதே தெரியாது. அதைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. மச்சினனுக்கு மதகை வைத்து விளக்கினேன்.

“மதகுக்காரரு ஒருத்தரு உக்காந்து தண்ணி விடுறாரு. நமக்குக் கூட வேணும். அவரு காதுல போயி ‘வயல் காயுதுங்க’ன்னு கொஞ்சம் கூட்டிச் சொன்னா, அவரும் கூட்டி விடுவாரு. அதுதான் இந்த மலிவுப் பெட்டி. இன்ஜினுக்கும் பழைய கம்ப்யூட்டருக்கும் நடுவுல உக்காந்து பொய் சொல்லும். இன்னொண்ணு ஸ்டாண்ட்அலோன், தனிக் கம்ப்யூட்டரு. மதகுக்காரர வீட்டுக்கு அனுப்பிட்டு நாமளே போயி உக்காருறது.”

“அதையே மாட்டுங்க அத்தான். பொய் எதுக்கு?”

“உக்காந்தா எல்லா வாய்க்காலையும் நாமதான் பாக்கணும் மாப்ள. காலையில ஸ்டார்ட் ஆகுறது, ஏசி போட்டா திணறாம இருக்குறது, சிக்னல்ல நிக்கிறது, ஒண்ணொண்ணா சொல்லித் தரணும். பழைய வயரையும் வெட்டணும். ஒன்பது நாள்ல முடியாது.”

அப்படித்தான் மலிவுப் பெட்டியை மாட்டினோம். இருந்தாலும் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய ஸ்டாண்ட்அலோன், ஆபத்துக்கு உதவும் என்று, பின் சீட்டில் கூடவே வந்தது.

நீடாமங்கலம் பக்கம் போட்டு முடித்து இன்னும் திறக்காத ஒரு புறவழிச்சாலை. அங்கே வைத்துச் சோதித்தோம். அவன் ஓட்ட, நான் மடியில் லேப்டாப்புடன் பக்கத்தில். முதல் நாள் திரையில் இன்ஜின் வேகத்தின் கோடு சீவிய வரப்பு மாதிரி ஏறியது. இரண்டு பேரும் சாலை நடுவில் இறங்கி ஆடினோம். நான் நன்றாக ஆட மாட்டேன். அவன் அதைவிட மோசம்.

மறுநாள் காலை கோடு பைத்தியம் பிடித்தது. பாதி தூரத்தில் இன்ஜின் வேகம் திடீரென்று துள்ளும், உடனே விழும். பெட்டியும் குழம்பிப் பெட்ரோலைக் கொட்டும். ஏழு முறை ஓட்டினோம். ஏழு முறையும் அப்படியே.

“பெட்டி செத்துப்போச்சு அத்தான். வெட்டுங்க வயர.”

“இங்கயா? வெட்டினா கட்டி இழுத்துட்டுத்தான் போகணும்.”

“இழுப்போம். இன்னும் அஞ்சு நாள் இருக்கு. சாப்பாடு, தூக்கம் வேணாம்.”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் கட்டரை எடுத்துவிட்டேன். பானெட்டைத் திறந்து, மொத்த வயர்க் கற்றையையும் கட்டருக்குள் கொடுத்து, அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போது சாலையோரப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர் துடைப்பத்தோடு எழுந்து வந்தார்.

“ஏன் தம்பி நிறுத்திட்டீங்க? இன்னும் பாதிச் செடி மிதிபடவே இல்லையே.”

“என்ன செடிக்கா?”

“நல்லாக் கேட்டீங்க. நேத்து நீங்க போறதும் வர்றதுமா இருந்தீங்கள்ல, அதப் பாத்துதான் சக்கரம் ஏறி மணி உதிரட்டும்னு இன்னைக்கு உளுந்துச் செடியக் கொண்டாந்து பரப்புனோம். இந்த ரோட்டுல வேற வண்டி ஏது? ஆனா இம்புட்டு வேகம் ஆகாது தம்பி. செடி மேல வந்ததும் சக்கரம் சும்மா சுத்துது, வண்டி ஓலம் போடுது, உளுந்து பூரா வாய்க்கால்ல போயி விழுது.”

கட்டரை மெதுவாக வெளியே எடுத்தேன். சக்கரம் சறுக்கினால் இன்ஜின் துள்ளத்தான் செய்யும். பெட்டி பாவம், நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஏழு முறை அந்த உளுந்தின் மேல் போயிருக்கிறோம். எங்கள் கண்ணில் படவே இல்லை. பங்குனியில் தார்ச்சாலையில் உளுந்து கிடப்பது எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு செய்தியா? வெள்ளைக்கோடு மாதிரி அதுவும் சாலையில் சேர்த்தி. வெளியூர்க்காரனாக இருந்தால் முதல் நடையிலேயே வண்டியை நிறுத்தி, இது என்ன என்று கேட்டிருப்பான்.

“அக்கா, அரை மணி நேரம் ரோட்ட ஒதுக்கிக் குடுங்க.”

“ஒதுக்குறோம். மிதிச்சுக் குடுத்துட்டு அப்புறம் கேளுங்க.”

டர்போ வைத்த கார், பந்தய ஹெல்மெட் போட்ட டிரைவர், முதல் கியரில் மாட்டு நடை. பெண்கள் அவன் பிழைப்பை என்னிடம் விசாரித்துக்கொண்டு, ஓரத்தில் நின்று வேலை வாங்கினார்கள்.

“டிரைவர் தம்பி, இந்த ஓரம் அப்படியே கெடக்கு.”

“கிரேன் ஓட்டுறவராம்டி.”

“அதான் சட்டிய மாட்டிக்கிட்டு வந்திருக்காரு.”

பன்னிரண்டு நடை. வெயிலுக்கு ஏசியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தேன். நின்று, ஊர்ந்து, திரும்பி, வண்டி ஒரு முறைகூட முனகவில்லை. கம்பெனிக் கம்ப்யூட்டர் அத்தனையையும் தானே பார்த்துக்கொண்டது. வயரை வெட்டியிருந்தால் இந்த மாட்டு நடையைச் சொல்லித்தரவே எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு வருஷம் கையில் இருப்பவன் தாராளமாக ஸ்டாண்ட்அலோன் வாங்கட்டும். அதில் செய்ய முடிவது இதில் முடியாது. லீவில் வந்தவனுக்குப் பொய் சொல்லும் பெட்டியே போதும்.

அவர்கள் உளுந்தைக் கூட்டி அள்ளியதும் முழு வேகத்தில் ஒரு நடை. கோடு மறுபடி வரப்பாக ஏறியது. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நாங்கள் ஆடுவதைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஓடினான். முதல் ஓட்டத்தில் பக்கத்து வண்டி இரண்டு கார் நீளம் முந்தியது. அவனோ கோப்பையே வாங்கிய மாதிரி சிரித்துக்கொண்டு, வண்டியைத் திருப்பி நேரே வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினான். இரண்டாவதும் தோல்வி, மூன்றாவதும் தோல்வி. சிரிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. நாலாவது முறை அவன் வரிசையில் நின்றபோது யாரோ ஒருவர் என்னிடம் வந்து, “என்ன பெட்டிங்க போட்டிருக்கீங்க?” என்றார். என்னிடம் இதைக் கேட்கலாமா? மதகுக்காரரிலிருந்து ஆரம்பித்தேன். இன்னும் நாலு பேர் கூடினார்கள்.

பேசி முடித்துத் திரும்பினால் நாலாவது ஓட்டமே முடிந்துபோய், அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஓடி வருகிறான்.

“பாத்தீங்களா அத்தான்?”

“பாத்தேன் மாப்ள.”

“அப்ப யாரு முன்னால வந்தா, சொல்லுங்க பாப்போம்.”

அவன் முகத்தைப் பார்த்தேன். “நீதான்.”

கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான்.